தோட்டத்துப் பட்டணத்தில் யுகுலேலே: யாரிடம் கற்பது, எதை வாங்குவது

யுகுலேலே என்ற நாலு தந்திச் சின்ன வாத்தியம் கற்க ஆசையா? முதலில் ஆசிரியரைப் பிடியுங்கள், அப்புறம் வாத்தியம் வாங்குங்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. பிள்ளை ஆசைப்பட்டதும் அன்றிரவே ஷாப்பி ஓன்லைன் கடையில் ஆர்டர் போடுகிறார்கள். பெட்டி வந்த பிறகுதான் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள். ஆசிரியர் எந்த அளவு யுகுலேலேயில் சொல்லித்தருகிறார் என்பதைப் பொறுத்து வாங்க வேண்டியதே மாறும். சொப்ரானோ, கான்செர்ட், டெனர் என்று சிறிதிலிருந்து பெரிதாகும் மூன்று அளவுக்கும், நாலு தந்தியின் வழக்கமான சுருதி ஜி-சி-ஈ-ஏ. இன்னும் பெரிய பாரிடோனுக்கு டி-ஜி-பி-ஈ. வகுப்பே சி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வாசிக்கும்போது பாரிடோன் வைத்திருக்கும் பிள்ளை அதே விரலை அதே இடத்தில் வைத்தால் ஜி கார்டுதான் கேட்கும்.

ஈப்போவா, உள்ளூரா, வீடியோ அழைப்பா

பக்கத்து நகரமான ஈப்போவின் இசைப்பள்ளிகளில் ஒழுங்கான பாடத்திட்டம் இருக்கும். கடையும் வகுப்பும் ஒரே இடத்தில் இருந்தால் வாத்தியத்தைச் சரிபார்த்தும் கொடுப்பார்கள். ஆனால் அரைமணி நேர வகுப்புக்காக 30 கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும், யாராவது வண்டி ஓட்ட வேண்டும். வேலை ஷிஃப்ட் மாறும் வீடுகளில் இரண்டு வாரம் விட்டுப்போனால் மூன்றாவது வாரம் போக மனம் வராது. வாராவாரம் தவறாமல் கூட்டிப்போக ஆள் இருந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள்.

எங்கள் முதல் தேர்வு, ஊரில் கித்தார் சொல்லிக்கொடுப்பவர். கோயில் பஜனையிலோ தேவாலயப் பாட்டுக்குழுவிலோ வாசிக்கும் ஒருவர் அநேகமாக எல்லாத் தோட்டத்துப் பட்டணத்திலும் இருப்பார். கார்டு, தாளம், பாடகருக்கு ஏற்பச் சுருதி மாற்றுவது எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. யுகுலேலேயைச் சின்னக் கித்தாராக நினைத்துச் சொல்லித்தருகிறாரா என்று மட்டும் பார்க்க வேண்டும். இரண்டு கேள்வி போதும். நான்காவது தந்தி ஏன் மேல் ஸ்தாயியில் இருக்கிறது என்று கேளுங்கள். வழக்கமான யுகுலேலேயில் அந்த ஜி, பக்கத்துத் தந்தியான சி-யைவிடக் கீழே போகாமல் மேலே நிற்கும். அந்தத் துள்ளல் ஓசைக்கு அதுதான் காரணம். பிறகு எங்கே தட்டுவது என்று கேளுங்கள். ஓசைத்துளைக்கு நேராகப் பிக் வைத்துத் தட்டச் சொன்னால் அது கித்தார் பழக்கம். கழுத்தும் உடலும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், ஆள்காட்டி விரல் நகத்தால் கீழே, சதையால் மேலே தட்டுவதே இதற்குப் பொருந்தும்.

வாய்ப்பாட்டு கற்கும் பிள்ளைக்கு உள்ளூர் ஆசிரியரால் இன்னொரு லாபம் உண்டு. பஜனையில் பாடும் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு கட்டை என்றால் சி, ஐந்து கட்டை என்றால் ஜி. பெண்பிள்ளை ஐந்தரைக் கட்டையில் பாடினால் முதல் ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) கேப்போ, அதாவது எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி மாட்டி ஜி-க்கு உரிய கார்டுகளையே பிடிக்கலாம். சரளி வரிசையும் கையில் வரும். சி தந்தியை ஸ வைத்துக்கொண்டால், சரளி வரிசை பழகும் மாயாமாளவகௌளை ராகம் இப்படி அமையும் (எண் என்பது அழுத்தும் ஃபிரெட்): சி தந்தியில் திறந்தது, 1, ஈ தந்தியில் திறந்தது, 1, 3, 4, ஏ தந்தியில் 2, 3. ஸரிகமபதநிஸ முடிந்தது. மேலே நிற்கும் ஜி தந்தி பஞ்சமம் என்பதால், அதையும் திறந்த சி-யையும் மாறி மாறி மீட்டினால் ஸ-ப கேட்கும். தம்பூரா ஆப் இல்லாமலே பயிற்சி செய்யலாம். சுரத்தை அசைத்து இழைக்கும் கமகத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஃபிரெட் வைத்த குட்டைத் தந்தியில் அது முழுசாக வராது.

வீடியோ அழைப்பு வகுப்பு மூன்றாவது இடம். ஓசை தாமதமாகப் போய்ச் சேருவதால் ஆசிரியரோடு சேர்ந்து வாசிக்கவே முடியாது. தவிர, பேச்சுக்காகச் செய்யப்பட்ட ஆப்கள் தந்தியோசையை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். ஸூமில் இசைக்கலைஞர்களுக்கான அசல் ஒலி என்றொரு அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். யூடியூப் இலவசம்தான், ஆனால் மணிக்கட்டு வளைந்திருப்பதை அது சொல்லாது. ஆசிரியரிடம் நான்கைந்து வகுப்பு போன பிறகு துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்த யுகுலேலே

சொப்ரானோவின் தந்தி நீளம் சுமார் 13 அங்குலம், கான்செர்ட் 15, டெனர் 17. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு சொப்ரானோ சரி. பத்து வயதுக்கு மேல் யாராக இருந்தாலும் கான்செர்ட் வாங்குங்கள்; ஃபிரெட்டுகளுக்கு இடையே இடம் கிடைக்கும், விரல் ஒன்றோடொன்று மோதாது. யமஹா கித்தாலேலே ஆறு தந்தி கொண்டது, கித்தாரைவிட ஐந்து அரைச்சுரம் மேலே கூட்டப்படுவது. பின்னால் கித்தாருக்குப் போக உறுதியாக இருப்பவர்களுக்கு நல்லது. யுகுலேலேதான் வேண்டும் என்றால் அது வேண்டாம். கழுத்து அகலம், சின்னக் கைக்குச் சிரமம்.

மரத்தில் முழுமரமா, ஒட்டுப்பலகையா? முழுமர மேல்பலகைக்கு ஓசை நன்றாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். நம் ஊர்க் காற்று அதற்கு வெகு மேலே. பலகை உப்பும், தந்தி உயரும், ஏர்கோன் அறைக்குப் போனால் திரும்பச் சுருங்கும். ஒட்டுப்பலகையில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் அசையாது. காலா நிறுவனத்தின் கேஏ-15 வரிசை மாதிரி மஹோகனி ஒட்டுப்பலகை கான்செர்ட் ஒன்றே தகரக்கூரை வீட்டுக்குப் போதும். மழையில் மோட்டாரில் கொண்டுபோகிறவர்களுக்கு என்யா நோவா யு போன்ற பாலிகார்பனேட் (கெட்டிப் பிளாஸ்டிக்) வகை இன்னும் நிம்மதி. ஓசை கொஞ்சம் கூர்மையாக இருக்கும், அவ்வளவுதான். இரவுச் சந்தையில் தொங்கும் வண்ண வண்ண யுகுலேலே விளையாட்டுச் சாமான். அதன் முறுக்காணி பிடித்து நிற்காது, பிள்ளை தனக்குக் காது இல்லை என்று நினைத்து விட்டுவிடும்.

கடையா, ஓன்லைனா

கடையில் வாங்குவது கொஞ்சம் விலை கூடினாலும் மேல், ஏனென்றால் மலிவு வாத்தியங்களின் பெரிய கோளாறு பிராண்டில் இல்லை, நட்டில் (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் பள்ளத்தில் உட்காரும் சிறு பட்டை) இருக்கிறது. நட்டின் பள்ளம் ஆழம் போதாவிட்டால் முதல் ஃபிரெட்டில் அழுத்தும்போது தந்தி அதிகம் இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். திறந்த தந்திகள் சரியாகக் கேட்கும், எஃப் கார்டு பிடித்ததும் அபசுரம். சோதிப்பது சுலபம். சுருதி காட்டும் ட்யூனரில் ஈ தந்தியைச் சரியாகக் கூட்டுங்கள், முதல் ஃபிரெட்டை அழுத்துங்கள். எஃப் என்று காட்டி முள் 15 சென்டுக்கு (ஓர் அரைச்சுரம் 100 சென்ட்) மேல் வலப்பக்கம் சாய்ந்தால் நட்டை அரத்தால் அராவ வேண்டும். இதைக் கடைக்காரரிடமே விடுங்கள். கூடுதலாக அராவினால் தந்தி ஃபிரெட்டில் பட்டு இரையும்.

அடுத்து, 12-வது ஃபிரெட்டில் தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் இடைவெளி 2.5 முதல் 3 மில்லிமீட்டர் இருக்கலாம். கூடுதலாக இருந்தால், மறுமுனையில் தந்திகளைத் தாங்கும் பட்டையான சேடிலின் அடிப்பக்கத்தைத் தேய்க்க வேண்டும். அரை மில்லிமீட்டர் குறைக்க அடியில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்கணும்.

ஓன்லைனில்தான் வாங்க முடியும் என்றால், ஒவ்வொரு தந்தியையும் திறந்தும் 12-வது ஃபிரெட்டில் அழுத்தியும் வாசித்து ஒரு வீடியோ அனுப்பும்படி விற்பவரிடம் கேளுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மேலே சொன்ன சோதனைகளைச் செய்துவிடுங்கள். புதுத் தந்தி ஒரு வாரம் வரை இளகிக்கொண்டே இருக்கும், தினமும் சுருதி கூட்டுங்கள். அது கோளாறு இல்லை. பழையது வாங்கினால், உடலில் ஒட்டித் தந்திகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் வெயிலில் காருக்குள் கிடந்து பசை விட்டிருக்கலாம், அதை வாங்காதீர்கள்.