6 மாத லிங்க் பில்டிங் பேக்கேஜ்: ஓசியில் வந்தது மட்டும் உருப்படி

சைக்கிள் உதிரிபாகம் விற்கும் ஆன்லைன் கடை என்னுடையது. வருகிறவர்களில் பாதிக்கு மேல் கூகுள் தேடல் வழியாகத்தான் வருகிறார்கள். அந்த எண்ணிக்கை மெல்ல இறங்க ஆரம்பித்ததும் பயந்துபோய் ஒரு ஏஜென்சியிடம் 6 மாத லிங்க் பில்டிங் பேக்கேஜ் எடுத்தேன். மற்ற தளங்களிலிருந்து என் தளத்துக்கு லிங்க் வரவைத்து, அதனால் தேடலில் மேலே வரவைப்பதுதான் இந்த லிங்க் பில்டிங். பெயர் வேண்டாம், இதே பேக்கேஜை இதே வார்த்தைகளில் விற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 5க்கு 2 நட்சத்திரம் கொடுப்பேன். அந்த இரண்டு எதற்கு என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் அவர்கள் விற்ற சரக்கு. மாதம் 10 கெஸ்ட் போஸ்ட் (அடுத்தவர் தளத்தில் நம் லிங்க்கோடு போடுகிற கட்டுரை), எல்லாம் டொமைன் ரேட்டிங் 50க்கு மேல் இருக்கும் தளங்களில். கேட்க நன்றாகத்தான் இருந்தது. டொமைன் ரேட்டிங் என்பது ஏஹ்ரெஃப்ஸ் நிறுவனம் ஒரு தளத்துக்கு வரும் லிங்க்குகளை வைத்துத் தன் கணக்குப்படி போடுகிற மதிப்பெண், கூகுள் போடுவது இல்லை என்பது எனக்குப் பணம் கட்டிய பிறகுதான் உறைத்தது. கூகுள் முன்பு வெளியே காட்டிக்கொண்டிருந்த பேஜ்ரேங்க் எண்ணை (அதுவும் லிங்க்குகளை வைத்துப் போடும் மதிப்பெண்தான்) 2016லேயே எடுத்துவிட்டது. அந்தக் காலி இடத்தில்தான் இப்படி ஆளாளுக்கு ஒரு எண்ணைக் காட்டி வியாபாரம் செய்கிறார்கள்.

முதல் மாத ஷீட் வந்ததும் ஒவ்வொரு லிங்க்கையும் திறந்து பார்த்தேன். (நீங்களும் பாருங்கள், பத்து நிமிட வேலை, முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை.) ஒரு தளத்தில் என் செயின் பற்றிய கட்டுரைக்கு மேலே சூதாட்டம், கீழே கடன் ஆப், பக்கத்தில் முடி உதிர்வுக்கு எண்ணெய். இதையெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து படிக்கிற மனுஷன் யார்? லிங்க் விற்பதற்கென்றே நடத்தும் தளம் அது. போதாததற்கு 10 கட்டுரையிலும் ஆங்கர் டெக்ஸ்ட் (லிங்க்காகக் கிளிக் செய்கிற வார்த்தைகள்) ஒரே மாதிரி, 'சைக்கிள் செயின் ஆன்லைனில் வாங்க' என்று ஒரு எழுத்து மாறாமல். கூகுள் 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற தேடல் அப்டேட்டை விட்டதே இந்த மாதிரி வேலையைப் பிடிக்கத்தான். 2016க்குப் பிறகு பெரும்பாலும் தளத்தையே கீழே தள்ளுவதில்லை, அந்த லிங்க்கைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது. எனக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அடியும் விழவில்லை, பலனும் இல்லை, கிணற்றில் போட்ட கல்தான்.

காசு கொடுத்து வாங்கும் லிங்க்குக்கு 'ஸ்பான்சர்டு' அல்லது 'நோஃபாலோ' குறிப்பு (இந்த லிங்க்கைத் தரவரிசைக் கணக்கில் சேர்க்காதே என்று கூகுளுக்குச் சொல்வது) போட வேண்டும் என்பது கூகுள் விதி, அதைப் போடவில்லையே என்று கேட்டேன். "அதைப் போட்டா அப்புறம் அந்த லிங்க்கால உங்களுக்கு என்ன சார் லாபம்?" என்றார் அக்கவுண்ட் மேனேஜர். நேர்மையான மனிதர். 2011இல் அமெரிக்காவின் ஜேசி பென்னி கடைக்காக இப்படி ஏகப்பட்ட லிங்க் வாங்கப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளியே கொண்டுவந்ததும், கடைக்காரர்கள் தங்கள் எஸ்இஓ (தேடலில் மேலே கொண்டுவரும் வேலை) ஏஜென்சியை வெளியே அனுப்பினார்கள். ஆனால் தேடலில் கீழே போனது கடைதானே!

சரி, அந்த 2 நட்சத்திரத்துக்கு வருகிறேன். மூன்றாவது மாதம் நான் சத்தம் போட்டதும், சமாதானத்துக்கு ஒரு ஓசி ஆடிட் செய்து தந்தார்கள். அதைச் செய்தவர் அங்கிருந்த டெக்னிக்கல் ஆள் ஒருவர். வெளித் தளங்கள் எனக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கும் லிங்க்குகளில் எவையெல்லாம் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்று காட்டும் பக்கத்தில் போய் முட்டுகின்றன என்று அவர் பட்டியல் எடுத்தார். பார்த்ததும் தலையில் கை வைத்தேன். விற்று முடிந்த பொருட்களின் பக்கங்களை நானே வரிசையாக அழித்திருக்கிறேன். அதைவிடக் கொடுமை, கடையின் தீம் மாற்றியபோது டயர் அளவு அட்டவணையும் சேர்ந்து போயிருக்கிறது. 26 அங்குலம் என்று எழுதியிருந்தாலும் 26 × 1 3/8 டயரின் ரிம் விட்டம் 590 மி.மீ., 26 × 1.75 டயருக்கு 559 மி.மீ., ஒன்று மற்றதில் ஏறாது. தப்பான டயர் வாங்கித் திருப்பி அனுப்புகிறவர்களின் தொல்லை தாங்காமல் எப்போதோ ஒரு ராத்திரி போட்ட அட்டவணை அது. சைக்கிள் கிளப்புகளும் பழுதுபார்ப்பவர்களும் நான் கேட்காமலே அதற்கு லிங்க் கொடுத்திருந்தார்கள்.

அட்டவணையைப் பழைய முகவரியிலேயே திரும்பப் போட்டேன். நின்றுபோன பொருளுக்குச் சரியான மாற்று இருந்தால் மட்டும் அந்தப் பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதிய பக்கத்துக்குத் திருப்புவது), மற்றதை அப்படியே விடுங்கள் என்றார் அவர். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பினால் கூகுள் அதை சாஃப்ட் 404, அதாவது இல்லாத பக்கம் மாதிரியே எடுத்துக்கொள்ளும் என்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஐந்தாவது மாதம் சர்ச் கன்சோலில் (தேடல் வழியாக வரும் வருகையைக் காட்டும் கூகுள் கருவி) கோடு மேலே திரும்பியது, அதிலும் டயர் பக்கங்களுக்குத்தான். மாத ரிப்போர்ட்டில் அந்தப் பெருமையை கெஸ்ட் போஸ்ட் கணக்கில் எழுதியிருந்தார்கள், அது வேறு.

பேக்கேஜ் முடிந்து சில வாரத்தில் அந்த கெஸ்ட் போஸ்ட்களில் பாதியைக் காணோம். ரெனியூவலுக்குக் கூப்பிட்டார்கள். அந்த ஆடிட்டை மட்டும் வருஷத்துக்கு இரண்டு தடவை செய்து கொடுங்கள், காசு தருகிறேன் என்றேன். "அப்படி ஒரு பேக்கேஜ் இல்லையே சார்" என்றார்கள்.