பூம்வாக்கர்ஸ்: எட்டுக் குழாய் போதாது, பதின்மூன்றாக வாங்குங்கள்

ஒரே ஒரு கீபோர்டு, நாற்பது பிள்ளைகள். ஒருத்தி வாசிக்கும்போது மற்றவர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவளின் பின்னலை இழுத்துக்கொண்டிருப்பார்கள். ஆரம்பப் பள்ளியில் பாட்டு வகுப்பு எடுக்கும் எல்லோருக்கும் இந்தத் தலைவலி தெரியும். பூம்வாக்கர்ஸ் வாங்கலாமா என்று தெரிந்த டீச்சர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால், என் வகுப்பில் அது எப்படிப் போகிறது என்று விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

பார்க்காதவர்களுக்காக: இவை இரு முனையும் திறந்த, லேசான, வண்ண பிளாஸ்டிக் குழாய்கள். உள்ளங்கையிலோ தொடையிலோ தரையிலோ தட்டினால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு சுரம் சொல்லும். அமெரிக்கரான கிரெய்க் ராம்செல் 1990களில் பரிசு சுற்றும் தாளின் அட்டைக் குழாயை வெட்டித் தொடையில் தட்டிப் பார்த்ததில் பிறந்த யோசனை இது. நீளக் குழாய் 60 செ.மீ.க்குச் சற்று மேலே இருக்கும், அதுதான் ஸ. மேல் ஸ்தாயி ஸ, அதாவது ஸரிகமபதநி முடிந்து மறுபடி வரும் உயர்ந்த ஸ, அதில் ஏறக்குறைய பாதி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினாலே ஸ்தாயி என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது, சயின்ஸ் டீச்சர்கூட வந்து கடன் கேட்டார்.

இதன் உண்மையான பலம் வண்ணம் இல்லை. ஒரு பிள்ளையிடம் ஒரு சுரம்தான் இருக்கிறது என்பதுதான். கையில் ப மட்டும் இருக்கிறவன் ஸரிகம நான்கும் கடந்து போகும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும், இல்லையென்றால் பாட்டு அவனிடம் வந்து நின்றுவிடும், எல்லோரும் அவனையே பார்ப்பார்கள். பாட்டு வகுப்பின் முதல் பயிற்சியான சரளி வரிசையைத் தனியாகப் பாடச் சொன்னால் கொட்டாவி விடும் பையன் இங்கே "மிஸ், இவன் என் ப-வை அடிச்சிட்டான்!" என்று சண்டைக்குப் போகிறான். சுரத்துக்கு உரிமை கொண்டாடும் பிள்ளைக்கு அதன் இடம் மறக்காது. எட்டுப் பேரை வரிசையில் நிறுத்தி ஒன்பதாவது பிள்ளை ஒவ்வொருவர் தோளாகத் தொட்டு 'வாசிக்க'ச் சொல்வது எல்லா வகுப்பிலும் ஹிட். தொடுகிறவளுக்கு இரண்டு கையும் சுதந்திரம், எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்குத் தாவுகிறோம் என்பது கண்ணுக்கே தெரியும்.

சுரம் எழுதப் பழக்குவதற்கு நான் நடத்துவது பாண்டி ஆட்டம். தரையில் சாக்பீஸால் எட்டுக் கட்டம், ஒரு ஆதி தாள ஆவர்த்தனம், அதாவது எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு தாளச் சுற்று. நான்காவது கட்டத்துக்குப் பின்னாலும் ஆறாவதுக்குப் பின்னாலும் கோட்டைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டுவிட்டால் தாளத்தின் பகுதிகளான லகுவும் (நான்கு எண்ணிக்கை) இரண்டு திருதமும் (இரண்டிரண்டு) அங்கேயே தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சுர அட்டை. ஒரு பிள்ளை தாளத்துக்கு ஒரு கட்டமாக நடக்க, அவள் கால் வைக்கும் சுரத்தை அந்தக் குழாய்க்காரர் தட்ட வேண்டும், சுற்றி உட்கார்ந்தவர்கள் தாளம் போட்டுக்கொண்டே பாட வேண்டும். அப்புறம் அட்டைகளை அவர்களே மாற்றி வைக்கலாம். மாற்றி வைத்ததை நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னால், சுரப்படுத்தி எழுதுவது என்ற பெரிய பேச்செல்லாம் இல்லாமலே அந்த வேலை முடிந்துவிடுகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. குழாயின் ஒலி 'டொப்' என்று பிறந்த உடனே செத்துவிடும். ஒரு அட்சரம் (தாளத்தில் ஒரு எண்ணிக்கை) நிற்கும் ஸ-வும் இரண்டு அட்சரம் நிற்கும் ஸா-வும் காதுக்கு ஒன்றுதான். கார்வைக்கு, அதாவது சுரத்தை நீட்டுவதற்கு, நாம் எழுத்தில் போடும் கமாவைக் கேட்க வழியில்லை. அதற்கு நான் வைத்திருக்கும் வழி: தட்டியதும் குழாயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, கார்வை முடியும்வரை இறக்கக் கூடாது, வாயால் இழுத்துப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். வெறும் கட்டம் வந்தால் குழாய் கீழே, வாயும் மூடி. நீட்டுவது வேறு, நிறுத்துவது வேறு என்பது இப்படித்தான் பதிந்தது. சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை மட்டும் இந்தப் பொருளிடம் எதிர்பார்க்காதீர்கள், அது குரலின் வேலை, டீச்சரின் வேலை.

தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். அடிப்படை செட்டில் வரும் எட்டும் மேற்கத்திய ஸி மேஜர், அதாவது நமக்கு ஒரு கட்டை ஸ்ருதியில் சங்கராபரண ராகம். நாமோ சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பிக்கிறோம். அதற்கு சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் (செட்டில் வரும் ரி, த-வைவிடச் சற்றுத் தாழ்ந்தவை) வேண்டும், அவை தனியாக விற்கும் ஐந்து குழாய் செட்டில்தான் இருக்கின்றன. எட்டை மட்டும் வாங்கிவிட்டு, குழாய் சொல்லும் ரி-யையும் நீங்கள் பாடும் ரி-யையும் பிள்ளை ஒரே நேரத்தில் கேட்டால் வாங்காமலே இருந்திருக்கலாம். ஐந்தையும் சேர்த்தால் பன்னிரண்டு சுர ஸ்தானமும் மேல் ஸ-வும் கையில் வந்துவிடும், ரி-யான ஆரஞ்சுக் குழாயை மாற்றிக் கொடுத்தால் ராகமே மாறுவதைக் காட்டலாம். எட்டுதான் முடியும் என்றால் ம, நி இரண்டையும் எடுத்து வைத்துவிட்டு ஐந்து சுர ராகமான மோகனத்தில் தொடங்குங்கள். ஜெர்மனியின் கார்ல் ஓர்ஃப் முறையிலும் சைலஃபோனில் இதே இரண்டு கட்டைகளைக் கழற்றிவிட்டு ஐந்து சுரத்தில்தான் சின்னப் பிள்ளைகளை விடுவார்கள், யார் எதைத் தட்டினாலும் காதைக் கிழிக்காது.

வண்ணத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. சிவப்பு ஸ, மஞ்சள் க என்று முதலில் வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள், ஆனால் அட்டையிலும் வண்ணம் தீட்டிவிட்டால் அவர்கள் வாசிப்பது வண்ணத்தை, சுரத்தை அல்ல. கறுப்பு மையில் எழுதிக் கொடுத்த அன்றைக்கு அது தெரிந்துவிடும். என் அட்டைகள் எல்லாம் வெள்ளையில் கறுப்புதான். ம இளம்பச்சை, ப கரும்பச்சை என்பதால் வேறு, நிறம் பிரித்தறிய முடியாத பிள்ளை இருந்தால் பாவம் திண்டாடுவான், குழாயில் தமிழ் எழுத்தை ஒட்டிவிடுங்கள்.

ஒரு முனையில் மாட்டும் கறுப்பு மூடி, சுரத்தை ஒரு ஸ்தாயி இறக்கும். மந்திர (கீழ்) ஸ்தாயி காட்ட நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மூடி போட்ட ப-வும் போடாத ப-வும் ஒரே பாட்டில் வந்தால் இரண்டு ப வேண்டும், அதற்கு இன்னொரு செட்டு. அவசரமில்லை.

சத்தம் பற்றிக் கேட்பீர்கள். குழாய் ஒன்றும் பெரிய சத்தமில்லை, நாற்பது பேர் கூச்சல்தான். அடுத்த வகுப்பில் கணக்கு நடக்கும் வேளையில் மரத்தடிக்குப் போய்விடுவது உத்தமம். குழாயை வாளாக்கிச் சண்டை போடுவது நிச்சயம் நடக்கும். கையில் கொடுப்பதற்கு முன்னாலேயே, சண்டை போட்டால் குழாய் பறிபோகும் என்று சொல்லிவிடுங்கள். யாராவது மிதித்து நசுங்கினால் ஒலி கெட்டுவிடும்.

விலை ஆளுக்கு ஆள் மாறுகிறது, இறக்குமதிச் சரக்கு என்பதால் குறைவும் இல்லை. படத்தில் பதின்மூன்று தெரியும், பெட்டிக்குள் எட்டு வரும், அதனால் எண்ணிக்கையை வாசித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். பெயர் தெரியாத மலிவு நகல் என்றால் வந்த அன்றே ட்யூனர் ஆப் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்து, சேராததைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஆறு முதல் பத்து வயது வரை, கூட்டமான வகுப்பு என்றால் தாராளமாக வாங்கலாம். வீட்டில் ஒற்றைப் பிள்ளைக்கு வேண்டாம், எட்டுச் சுரத்தையும் ஒருத்தியே ஓடி ஓடித் தட்ட முடியாது. சரளி வரிசைகளைத் தாண்டி கீதம் என்னும் சிறு பாட்டுகளை வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் இது வேண்டாம், அந்தப் பணத்தை வயலின் வகுப்புக்குக் கட்டுங்கள்.