க்யூபாத்: இலவசம்தான், ஆனால் சாயத்தை நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும்

புற்றுநோய் ஆய்வில் டிஜிட்டல் தொழில்நுட்பம் என்று முதுகலையில் சேர்ந்தவர்களில் பலர், ஆய்வேட்டுக்கு வரும்போது திசு ஸ்லைடு ஸ்கேன்களில் செல் எண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்கள் முதலில் இறக்கிக்கொள்ள வேண்டிய மென்பொருள் க்யூபாத். பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பேங்க்ஹெட் தொடங்கியது. 2017-ல் அதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை வந்தது. இப்போது எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வளர்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். காசு கிடையாது.

1,00,000 × 80,000 பிக்சல் ஸ்லைடை விரித்தால் 24 ஜிபி வரும். க்யூபாத் திரைக்குத் தேவையான துண்டை மட்டும் படிப்பதால் சாதாரண லேப்டாப்பிலும் வழுக்கிக்கொண்டு நகர்கிறது. முழு ஸ்லைடிலும் செல் கண்டுபிடிக்கச் சொன்னால்தான் திணறும். அந்த வேலைக்கு 16 ஜிபி ரேம் வைத்துக்கொள்வது நல்லது.

பெருகும் செல்களின் உட்கருவில் இருக்கும் கேஐ-67 என்ற புரதத்தைப் பழுப்புச் சாயத்தால் காட்டி, அது உள்ள (பாசிட்டிவ்) செல்கள் எத்தனை சதவீதம் என்று எண்ணுவதைப் பார்ப்போம். படம் திறந்ததும் வகை கேட்கும். ஹெச்-டிஏபி (நீல ஹெமடாக்சிலின், பழுப்பு டிஏபி என்ற இரண்டு சாயங்கள்) என்று கொடுங்கள். உடனே செல் கண்டுபிடிப்புக்குத் தாவக் கூடாது. வெற்றுக் கண்ணாடி, நீலம், பழுப்பு மூன்றும் விழுமாறு ஒரு சிறு சதுரம் வரைந்து 'எஸ்டிமேட் ஸ்டெயின் வெக்டர்ஸ்' ஓட்ட வேண்டும், அது இந்த ஸ்லைடில் ஒவ்வொரு சாயத்தின் நிறத்தையும் கணித்துக்கொள்ளும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் சாயமும் ஸ்கேனரும் மாறும். இதை விட்டுவிட்டால் நீலத்தின் ஒரு பங்கு பழுப்புக் கணக்கில் கசிந்து, வெளிறிய உட்கருக்கள்கூடப் பாசிட்டிவ் ஆகிவிடும். சதவீதம் ஏறுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு!

அடுத்தது 'பாசிட்டிவ் செல் டிடெக்‌ஷன்'. 40 மடங்கு ஸ்கேனில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.25 மைக்ரான், மென்பொருள் ஒரு பிக்சலுக்கு 0.5 மைக்ரான் என்று படத்தைச் சுருக்கி வேலை செய்கிறது, அது போதும். ஒரே உட்கரு பல துண்டாகச் சிதறினால் சிக்மாவை (படத்தை மழுங்கலாக்கும் அளவு) கூட்டுங்கள். பக்கத்து உட்கருக்கள் ஒட்டிக்கொண்டால் குறையுங்கள். நெரிசலான கட்டிகளில் எவ்வளவு திருகினாலும் சரிவராது, செயற்கை நுண்ணறிவால் உட்கருக்களைப் பிரித்தறியும் ஸ்டார்டிஸ்ட் நீட்சியைப் போட்டுவிடுவதே மேல். மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் மெலனின் நிறமியும் பழுப்புதான், அதையும் சேர்த்து எண்ணிவிடும். கட்டிக்குள் கலந்திருக்கும் லிம்போசைட்டுகளை (நோய் எதிர்ப்புச் செல்கள்) விலக்க, ஒவ்வொரு வகையிலும் சில செல்களைக் குறித்துக் கொடுத்து வகைப்படுத்தியைப் பழக்க வேண்டும்.

ஜேபெக் கோப்பில் பிக்சல் அளவு இராது. அப்போது எல்லாம் மைக்ரானில் இல்லாமல் பிக்சலில் நடக்கும். எம்ஆர்எக்ஸ்எஸ் என்ற ஸ்கேனர் வடிவக் கோப்பை நகலெடுக்கும்போது அதே பெயருள்ள ஃபோல்டரையும் சேர்த்து எடுக்காவிட்டால் திறக்காது.

மிகப் பிடித்தது, செய்த படிகளெல்லாம் 'வொர்க்ஃப்ளோ' தாவலில் பதிவாவது. ஒரு சொடுக்கில் ஸ்கிரிப்ட் ஆக்கி, ப்ராஜெக்டில் உள்ள எல்லா ஸ்லைடுக்கும் ஓட்டலாம். ஸ்கிரிப்ட் மொழி க்ரூவி என்பதுதான் குறை. பைத்தான் பழகிய மாணவர்கள் முணுமுணுப்பார்கள். ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்து பைத்தானுக்குப் போவதே சுளுவு.

இது ஆய்வுக்கு மட்டும். இதன் எண்ணை நோயாளியின் ரிப்போர்ட்டில் ஏற்றக் கூடாது.

பழக ஸ்லைடு இல்லையென்றால் காமெலியான்16 தொகுப்பு இருக்கிறது: மார்பகப் புற்றுநோயாளிகளின் நிணநீர்க் கணு ஸ்லைடுகள் 400, கணினி மாடலின் பயிற்சிக்கு 270, சோதனைக்கு 130. அந்தப் பிரிப்பைக் கலைக்காதீர்கள். துண்டுகளாக வெட்டி மொத்தமாகக் குலுக்கினால் ஒரே ஸ்லைடின் துண்டுகள் பயிற்சி, சோதனை இரண்டு பக்கமும் போய்ச் சேரும். அப்புறம் வரும் துல்லியம் எத்தனை சதவீதமானாலும் நம்ப முடியாது.