ஸ்கேனுக்கு முன்னால் ஏற்றிய குளுக்கோஸ்

ஊரில் வைத்தியம் வேகமாக நடக்கும் என்று லண்டனில் பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வேன். அது உண்மைதான். அங்கே பெட் ஸ்கேனுக்குத் தேதி போட்டுக் கடிதம் வருவதற்குள் பொறுமை போய்விடும். மதுரையில் இன்றைக்கு எழுதினால் நாளைக் காலையே வரச் சொல்கிறார்கள். அந்த வேகத்தை ஒரே ஒரு டிரிப் பாட்டில் வீணாக்கியதைப் பார்த்த ஆத்திரம் இன்னும் எனக்குத் தணியவில்லை.

அம்மாவுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல். வைடால் ரத்தப் பரிசோதனை பார்த்து டைபாய்டு என்று மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், பிளட் கல்ச்சர் எதிலும் ஒன்றும் சிக்கவில்லை. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர் மட்டும் ஏறிக்கொண்டே போனது. பெட் ஸ்கேன் என்றதும் சித்தி அழ ஆரம்பித்துவிட்டார், அது கேன்சருக்கு எடுப்பதாயிற்றே என்று. டாக்டர் உட்கார வைத்து விளக்கினார். கிருமியோடு போராடும் வெள்ளணுக்களும் புற்றணுக்களைப் போலவே சர்க்கரையை அள்ளி இழுக்குமாம். கதிரியக்க புளோரின்-18 சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றினால், அழற்சி எங்கே ஒளிந்திருந்தாலும் அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும்.

ரத்தத்தில் வேறு சர்க்கரை கூடியிருந்தால் படம் கெட்டுவிடும், அதனால்தான் குறைந்தது ஆறு மணி நேரம் வெறும் வயிறு. அம்மா ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தார். காலையில் ஸ்கேன் அறையில் விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை 268! 200க்கு மேல் போனால் ஊசி போட மாட்டார்கள். (லண்டனில் இந்த 200ஐத்தான் 11 என்பார்கள், அளவு முறைதான் வேறு.) அம்மாவுக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது. டெக்னீஷியன் தம்பி நேராக டிரிப் ஸ்டாண்டைப் பார்த்தார். "சார், இது டி.என்.எஸ். உப்புத் தண்ணியோட குளுக்கோஸும் ஓடுது."

வார்டுக்கு ஓடினேன். "பாட்டி ராத்திரியெல்லாம் சாப்பிடலையே, மயங்கிடுவாங்கன்னுதான் போட்டோம் சார்," என்றார் சிஸ்டர். அந்தப் பெண்ணின் அக்கறையில் குறையே இல்லை. சோர்ந்து கிடந்தால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவது நம் ஊரில் தலைமுறைப் பழக்கம். ஆனால் அரை லிட்டர் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. அது உள்ளே போனால் இன்சுலின் ஏறும், ஊசி மருந்தைத் தசைகள் இழுத்துக்கொள்ளும், தேட வேண்டிய இடம் மங்கிப்போகும். ஒரே கட்டடத்தில் இரண்டு மாடி இடைவெளி. கீழே இருப்பவர்களுக்குத் தெரிந்தது மேலே தெரியவில்லை. எங்களுக்குக் கொடுத்த சீட்டிலும் 'வெறும் வயிறு' என்று மட்டும்தான் இருந்தது. லண்டனில் எத்தனை தாமதமானாலும் என்ன சாப்பிடலாம், எதை நிறுத்த வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்புவார்கள்.

சரி, சாயங்காலம் எடுக்கலாமா என்றால் அதற்கும் வழியில்லை. மருந்து காலையில் வெளியூரிலிருந்து காரில் வருகிறது. 110 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகிவிடும், எடுத்து வைக்கவே முடியாது. அம்மாவுக்கான பங்கு அடுத்து இருந்தவருக்குப் போனது. அந்தத் தம்பியே மேலே வந்து, 'நார்மல் சலைன் மட்டும்', அதாவது சர்க்கரை இல்லாத உப்புத் தண்ணீர் மட்டும், என்று பிளாஸ்டரில் எழுதிக் கட்டில் கம்பியில் ஒட்டிவிட்டுப் போனார். அவர் காலில் விழலாம் போல இருந்தது.

மறுநாள் படம் கிடைத்தது. இடுப்புக்கு மேலே அடுத்தடுத்த இரண்டு முதுகெலும்புகள் நெருப்புத் துண்டு மாதிரி தெரிந்தன. அது கிருமியா கட்டியா என்று இந்த ஸ்கேன் சொல்லாது, பரிசோதனைக்கு மாதிரி எடுக்க ஊசியை எங்கே குத்த வேண்டும் என்றுதான் காட்டும். குத்தி எடுத்து ஜீன் எக்ஸ்பர்ட் என்ற டிபி பரிசோதனையில் போட்டதில் டிபி என்று வந்தது. மாத்திரைகள் அரசாங்கத்திலிருந்து இலவசமாகவே வருகின்றன. காய்ச்சல் இப்போது இல்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஸ்கேன் எழுதினால், முதல் நாள் ராத்திரியே டிரிப் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸின் இன்னொரு பெயர்) என்று ஒரு வார்த்தை இருந்தாலும் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதுவும் அழற்சியை மறைத்துவிடும்.