எஸ்பிரெஸோ எந்திரத்தின் நீராவிக் குழல்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டில் அடைப்பைப் பற்றி அறிந்தவை

வீட்டில் எஸ்பிரெஸோ எந்திரம் ஒன்றை நான்கு ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒரே பாய்லரில் காபியும் இறக்கி, பிறகு சூட்டைக் கூட்டி நீராவியும் எடுக்கும் சாதாரண வகை அது. நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று முறை பாலை நுரைக்க வைக்கிறேன். காபி இறங்கும் பகுதி இத்தனை ஆண்டுகளில் எனக்குப் பெரிய தொல்லை எதுவும் கொடுத்ததில்லை. என் கவனத்தையும் பொறுமையையும் அதிகம் கேட்டது, பாலுக்குள் ஆவியைப் பாய்ச்சி நுரைக்க வைக்கும், சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத அந்த நீராவிக் குழல்தான். முதல் ஆண்டில் மட்டும் மூன்று முறை அடைத்துக்கொண்டது. அதன் பிறகு ஒருமுறைகூட அடைக்கவில்லை. எந்திரத்தில் எதையும் மாற்றாமல், நான் செய்துவந்த பிழைகளை மட்டும் திருத்திக்கொண்டதால் வந்த மாற்றம் இது என்பதால், அவற்றை விரிவாக எழுதுகிறேன்.

முதல் அடைப்பு ஐந்தாவது மாதத்தில் வந்தது. ஆனால் அது ஒரே நாளில் வந்ததல்ல என்பது பின்னால்தான் புரிந்தது. வழக்கமாகக் குடுவைக்குள் பால் சுழன்றுகொண்டே சூடேறும். ஒரு காலையில் அது சுழலாமல் ஒரு பக்கமாக மட்டும் கொப்பளித்தது. ஓசையும் மாறி, மெல்லிய சீறலுக்குப் பதிலாகக் காதைத் துளைக்கும் கீச்சொலி எழுந்தது. என் குழலின் நுனியில் நான்கு துளைகள் உண்டு. அவற்றில் இரண்டு மட்டுமே வேலை செய்திருக்கின்றன. நானோ பாய்லர் போதிய அளவு சூடேறவில்லை என்று எண்ணிக்கொண்டு, பத்து நாள்களுக்கு மேல் கூடுதல் நேரம் காத்திருந்து பயன்படுத்தினேன். அந்தப் பத்து நாள்களில் மீதி இரண்டு துளைகளும் மூடிக்கொண்டன. பால் சுழலும் விதம் மாறினால் முதலில் பார்க்க வேண்டியது நுனியைத்தான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

அப்போது நான் செய்த முதல் வேலை, குண்டூசியை எடுத்துத் துளைகளுக்குள் குத்தியது. உடனே ஆவி வந்தது. இரண்டே நாளில் மறுபடி நின்றது. வெளியிலிருந்து குத்தும்போது அடைத்திருக்கும் பொருள் உள்ளே தள்ளப்படுகிறதே தவிர வெளியேறுவதில்லை. அடுத்த முறை ஆவி பாயும்போது அதுவே திரும்ப வந்து துளையில் உட்கார்ந்துகொள்கிறது. மரக்குச்சியால் குத்துவது இன்னும் மோசம், ஏனென்றால் அதன் முனை துளைக்குள் ஒடிந்து நின்றுவிடும். கடைசியில் எந்திரம் முழுதும் ஆறிய பிறகு, நுனியைச் சிறிய ஸ்பேனரால் திருகிக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தேன். மரையின் அடியில், அரிசிமணி அளவில் பழுப்பு நிறத்தில் ஒரு கட்டி ஒட்டியிருந்தது. நகத்தால் அழுத்தினால் ரப்பரைப் போல் அமுங்கியது; புளித்த பாலும் காந்திய பாலும் கலந்த வாடை அதிலிருந்து வீசியது. அன்றுவரை அந்தக் குழலின் வழியாகத்தான் எல்லாருக்கும் பால் சூடாக்கிக் கொடுத்திருக்கிறேன் என்ற எண்ணம் என்னை மிகவும் வருத்தியது.

குழலின் வெளிப்புறத்தை நாள் தவறாமல் துடைத்தும் உள்ளே பால் எப்படிப் போனது என்பதே அடுத்த கேள்வியாக இருந்தது. நீராவி குளிர்ந்து நீராகும்போது, அது அடைத்துக்கொண்டிருந்த இடம் சுமார் 1,600-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. குழலின் நுனி பாலுக்குள் இருக்கும்போதே நாம் குமிழைத் திருகி ஆவியை நிறுத்துகிறோம். குழலுக்குள் மிச்சமிருக்கும் ஆவி அந்த நொடியே குளிரத் தொடங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைந்து, வெளியே இருக்கும் பால் உறிஞ்சப்பட்டு மேலேறுகிறது. குழலோ தொட முடியாத சூட்டில் இருக்கிறது. பாலின் மோர்ப்புரதங்கள் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே உருக்குலைந்து ஒட்டத் தொடங்கும் என்பதால், உள்ளே போன பால் சுவரில் படலமாகப் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு குவளைக்கும் ஒரு படலம் என்று சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் அது கட்டியாகிறது. ஆகவே துடைப்பதைவிட முக்கியமானது, உள்ளே போன பாலை அது காயும் முன்பே வெளியே தள்ளுவது.

இப்போது என் பழக்கம் இதுதான். பாலில் வைக்கும் முன் ஆவியை ஓரிரு நொடி வெளியே விட்டுத் தேங்கிய நீரை அகற்றுகிறேன். பால் சூடானதும் ஆவியை நிறுத்தி, குடுவையை எடுத்த கையோடு குழலை வடிதட்டின் பக்கம் திருப்பி, மூன்று நொடி முழு வேகத்தில் ஆவியை விடுகிறேன். அதன் பிறகே ஈரத்துணியால் துடைக்கிறேன். துடைத்தபின் மீண்டும் ஒரு நொடி ஆவி. துணி நன்றாக நனைந்து பிழிந்ததாக இருக்க வேண்டும், ஏனென்றால் காய்ந்த துணி பாலை இழுத்துப் பூசுகிறதே தவிர எடுப்பதில்லை. அந்தத் துணியை வேறு எதற்கும் பயன்படுத்துவதில்லை. நாள்தோறும் அலசி உலர்த்துகிறேன். நுனியைத் துணியால் பொத்திக்கொண்டே ஆவியைத் திறப்பவர்களும் உண்டு. ஈரத்துணி வழியாக ஆவி கையைச் சுட்டுவிடும் என்பதால் அதை நான் செய்வதில்லை. முதல் குவளையை ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து துடைக்கலாம் என்று விட்டுவைத்தால், அந்த அரை நிமிடத்திலேயே பால் காய்ந்து பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது அடைப்பின்போது வேறொரு பிழை செய்தேன். உப்புப் படிவை நீக்கும் சிட்ரிக் அமிலக் கரைசலில் நுனியை ஊறவைத்தேன். வெளியே பளபளப்பாக இருந்தது. உள்ளே கட்டி முன்னைவிட இறுகியிருந்தது. குழலில் சேரும் அழுக்கு இரண்டு வகைப்பட்டது. கடினநீரிலிருந்து படியும் கால்சியம் கார்பனேட் அமிலத்தில் கரையும். பாலின் புரதமும் கொழுப்பும் அப்படியல்ல. பாலில் புளிப்பு ஏறினால் அது திரிந்து கெட்டிப்படும் என்பதை அடுப்படியில் நின்ற எவரும் அறிவர். அதே காரியத்தைத்தான் நான் குழலுக்குள் செய்திருக்கிறேன். பால் படிவுக்கென்றே விற்கப்படும் காரத்தன்மை கொண்ட சுத்திகரிப்புக் கரைசல் அந்தக் கட்டியை இருபது நிமிடத்தில் இளக்கிவிட்டது. வினிகரில் ஊறவையுங்கள் என்ற ஆலோசனை பரவலாகச் சொல்லப்படுகிறது. பால் அடைப்புக்கு அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது முறை நேர்ந்தது இன்னும் கவலைக்குரியது. குழலைக் கழற்றச் சோம்பல்பட்டு, கரைசல் நிறைந்த குவளைக்குள் அதன் நுனியை அமிழ்த்தி, எந்திரத்தை அணைத்துவிட்டு உறங்கப் போய்விட்டேன். குமிழ் முழுதாக மூடியிருக்கவில்லை. காலையில் குவளையில் பாதிக்குமேல் காணவில்லை. பாய்லர் ஆற ஆற, உள்ளே ஏற்பட்ட வெற்றிடம் கரைசலை மேலே இழுத்துக்கொண்டுவிட்டது. காபி இறக்கும் நீரும் அதே பாய்லரில்தான் இருக்கிறது. தொட்டியை நான்கு முறை நிரப்பி, குழல் வழியாகவும் காபி வடியும் பக்கம் வழியாகவும் முழு நீரையும் வெளியேற்றிய பிறகே மனம் ஒப்பிக் காபி போட்டேன். அன்றிலிருந்து நுனியைத் தனியே கழற்றித்தான் ஊறவைக்கிறேன்.

வாரம் ஒருமுறை செய்யும் அந்த வேலைக்குக் கால் மணி நேரம் போதும். எந்திரம் ஆறிய பிறகு நுனியைக் கழற்றி, வெந்நீரில் கலந்த கரைசலில் போட்டுவிடுகிறேன். குழலின் வாய்க்குள் பல்லிடுக்குத் தூரிகையை விட்டுச் சுழற்றி எடுக்கிறேன். ஊறிய நுனியின் துளைகளில், மெல்லிய கம்பியை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் செலுத்துகிறேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நான்கு துளைகளும் ஒரே அளவில் தெரிய வேண்டும். நன்கு அலசி, கையால் திருகி, ஸ்பேனரால் சிறிதளவே இறுக்குகிறேன். அதிகம் முறுக்கினால் மரை தேயும். மரையருகே உள்ள ரப்பர் வளையம் மூன்றாம் ஆண்டில் தட்டையாகி ஆவி கசிந்ததால் அதை மாற்ற வேண்டியிருந்தது.

நுனிக்கு மேல் காற்றை இழுக்கும் சிறு துளையுடன் உறை பொருத்திய குழல்களும் உண்டு. அவற்றில் அந்தக் காற்றுத்துளை மூடிக்கொண்டால், ஆவி நன்றாக வந்தும் நுரை எழும்பாது. உறையை நாள்தோறும் உருவி எடுத்துக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை.

நுனியைக் கழற்றிய பின்னும் ஆவி வரவில்லையென்றால் அடைப்பு பெரும்பாலும் பாலால் ஆனதாக இருக்காது. வால்விலோ பாய்லரின் வழியிலோ உப்பு படிந்திருக்கலாம். அங்கேதான் சிட்ரிக் அமிலத்துக்கு வேலை. அலுமினியப் பாய்லராக இருந்தால் எந்த உப்புநீக்கி ஏற்றது என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். நுனியில்லாமல் ஆவியைச் சோதிக்கும்போது சிறிது சிறிதாகத் திறப்பது அவசியம். கொதிநீர் தடிமனான தாரையாகச் சிதறக்கூடும்.

இப்போது எனக்கு மிச்சமிருக்கும் குறை ஒன்றுதான். குமிழை மூடிய பிறகும் குழலின் நுனியில் நிமிடத்துக்கு ஒரு சொட்டு நீர் திரள்கிறது. வால்வின் உள் வளையம் தேய்ந்ததன் அடையாளம் அது. மாற்று வளையம் வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த வாரச் சுத்திகரிப்பின்போது பிரித்துப் பொருத்தப் போகிறேன்.