ஊட்டிப் பக்கம் ஸ்னோபோர்டிங் என்று விளம்பரம் வந்தால் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

நான் குன்னூர்க்காரன். நீலகிரியில் பனிப்பொழிவு கிடையாது, ஜனவரி விடிகாலையில் தலைக்குந்தா புல்வெளியில் படிவது உறைபனிதான், வெயில் ஏறினால் அதுவும் போய்விடும் என்பதெல்லாம் தெரிந்தவன். தெரிந்தும் 5,600 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்.

மதுரையிலிருந்து அக்கா மகள் வந்திருந்தாள். "மாமா, இங்கயே ஸ்னோபோர்டிங் இருக்காம், பாருங்க" என்று போனை நீட்டினாள். வெள்ளைச் சரிவு, பலகையில் வழுக்கி வரும் பையன்கள், கீழே "புதியவர் முதல் கைதேர்ந்தவர் வரை எல்லோருக்கும்". பனியே இல்லாமல் பிளாஸ்டிக் விரிப்பு போட்டும் இதை நடத்துகிறார்கள். கோபன்ஹேகனில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையின் கூரையிலேயே 2019-ல் அப்படி ஒரு சரிவைத் திறந்தார்கள். சரி, நம்ம ஊருக்கும் வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். நான்கு பேருக்குத் தலைக்கு 1,400 ரூபாய், முன்பணமாகவே அனுப்பினேன்.

போனால், தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு மண்சரிவு. அதன்மேல் வெள்ளையாக எதையோ விரித்து, ஒரு பையன் சோப்புத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். ஓரம் மடங்கிய இடத்தில் மாலை போட்ட மாப்பிள்ளையின் பாதி முகம் தெரிந்தது. பழைய கல்யாண பிளக்ஸ் பேனர்களைக் குப்புறப் போட்டிருக்கிறார்கள்!

பூட்ஸ் இரண்டே அளவுதான். அக்கா மகளின் சின்னப் பாதத்துக்குப் பழைய சாக்ஸைத் திணித்துக் கொடுத்தார்கள். ஒரு பலகையில் பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங் வார் அறுந்து, நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. ஹெல்மெட் கேட்டதற்கு, "சின்னச் சரிவுதானே சார்" என்றார்கள்.

சில வருடங்களுக்கு முன் காஷ்மீரில் குல்மார்க்கில் நான்கு நாள் ஸ்னோபோர்டிங் கற்றிருக்கிறேன். (தொட்டபெட்டா 2,637 மீட்டர், குல்மார்க்கும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். ஆனால் அது இமயமலை, அங்கே நிஜப் பனி.) அங்கே ஆசிரியர் முதல் வேலையாக என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகில் லேசாகத் தள்ளினார். தடுமாறும்போது எந்தக் கால் தானாக முன்னே போகிறதோ, அதுதான் பலகையிலும் முன்கால். அப்புறம் ஒரு காலை மட்டும் மாட்டி, அரை நாள் சமதரையிலேயே நடக்கவிட்டார். விழும்போது உள்ளங்கையை ஊன்றாதே, மணிக்கட்டு போய்விடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இங்கே எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று, 'அடிபட்டால் நாங்கள் பொறுப்பல்ல' என்ற தாளில் கையெழுத்து. அக்கா மகளுக்கும் சேர்த்து நான்தான் போட்டேன்.

போட்டவுடன் இரண்டு காலையும் மாட்டி மேலிருந்து விட்டுவிட்டார்கள். பலகையின் இரும்பு விளிம்பு பனியில் பதிந்தால்தான் திரும்பவோ நிற்கவோ முடியும். சோப்பு பூசிய பிளக்ஸில் அது எங்கே பதியும்? அடிவாரத்து வைக்கோல் மூட்டைகள்தான் பிரேக். இரண்டாவது முறை அவள் மூட்டைக்குப் பக்கத்தில் போய் விழுந்து கையை ஊன்றினாள். எக்ஸ்ரேயில் மணிக்கட்டில் விரிசல், மூன்று வாரம் மாவுக்கட்டு.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அந்தக் கையெழுத்தைத்தான் நீட்டினார்கள். வீட்டுக்கு வந்து அந்த விளம்பர வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், தலைக்குந்தா உறைபனிக் காட்சியை நடுநடுவே ஒட்டியிருக்கிறார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். நீங்கள் போவதாக இருந்தால் சரிவில் என்ன விரித்திருக்கிறது, உங்கள் அளவில் பூட்ஸ் இருக்கிறதா, சொல்லிக்கொடுப்பவர் எங்கே கற்றார் என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். நேரில் போய் அந்த வெள்ளையைப் புரட்டியும் பாருங்கள்.

அவளுடைய மாவுக்கட்டில் இப்போது வீட்டில் எல்லோரும் கையெழுத்து போட்டிருக்கிறார்கள். என்னை மட்டும் போட விடமாட்டேன் என்கிறாள்.