எதிர் இருக்கையில் ஆள் இருக்கும்போது எந்தக் கத்தி?

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். மகன் மேற்படிப்புக்கு ஜெர்மனி போகிறானாம். பழம் நறுக்க, பார்சல் பிரிக்க ஒரு மடக்குக்கத்தி வாங்கித் தர வேண்டும், "உங்ககிட்டதான் ரெண்டு இருக்கே, எது நல்லது?" என்றார். பதில் சொல்ல ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகியும் முடியவில்லை. கத்தியைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்த மனிதர்களைப் பற்றியே பேசியிருக்கிறேன். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

ஒன்று கறுப்பு. 2016இல் வாங்கியது. ஒரு கையால் திறக்கலாம், திறந்ததும் பூட்டிக்கொள்ளும். கம்பெனிப் பெயர் வேண்டாம். இன்னொன்று விக்டோரினாக்ஸ் கிளாசிக், சிவப்பு, மடக்கினால் 58 மி.மீ. 2019இலிருந்து இந்த வகைதான் சாவிக்கொத்தில் இருக்கிறது.

வெறும் கத்தியாகப் பார்த்தால் கறுப்புதான் உசத்தி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் கோபத்தில் மறந்துவிடக்கூடும். தேங்காய்நார்க் கயிறு, அட்டைப்பெட்டி, தோட்டத்து ரப்பர் குழாய் எல்லாவற்றையும் வெட்டியிருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சாணைக்கல்லில் தீட்டினால் போதும். பூட்டு இருப்பதால் அழுத்தி வெட்டும்போது அலகு விரல்மேல் மடங்கிவிடுமோ என்ற பயம் கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒரே குறை அதன் சத்தம்.

கட்டைவிரலால் குமிழைத் தள்ளினால் அலகு அரைவட்டம் சுற்றி வந்து நிற்கும். பிடிக்குள் இருக்கும் தகடு ஒன்று வில்போல விலகி அலகின் அடியில் போய் முட்டுக்கொடுக்கும். அப்போது ஒரு 'டக்'. வீட்டுச் சமையலறையில் அது யார் காதிலும் விழாது. ரயில் பெட்டியில் எட்டுப் பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

எழும்பூரிலிருந்து குருவாயூர் எக்ஸ்பிரஸில் மதுரைக்கு வந்துகொண்டிருந்தேன். பகல் பயணம், ஸ்லீப்பர் பெட்டி. எதிரே ஒரு அம்மா, ஐந்து வயசுப் பையன், அவன் தாத்தா. அதுவரை நன்றாகப் பேசிக்கொண்டுதான் வந்தோம். அவர்கள் முறுக்குக் கொடுத்தார்கள், நான் வாங்கிக்கொண்டேன். பதிலுக்கு என்னிடம் கொய்யாப்பழம் இருந்தது. நறுக்கிக் கொடுக்கலாமே என்று கத்தியை எடுத்தேன். டக். அந்த அம்மாவின் கை தானாகப் போய்ப் பையனின் முழங்காலைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தது. தாத்தா பேப்பரைத் தாழ்த்தினார். நான்கு துண்டாக வெட்டி நீட்டினேன். "வேணாம் தம்பி, இப்பதான் சாப்டோம்" என்றார். பையன் பழத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். திருச்சி வரைக்கும் யாரும் சரியாகப் பேசவில்லை.

அந்த அம்மா செய்தது சரி. மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு பட்டாக்கத்தியைப் பிளாட்பாரத்தில் உரசிக்கொண்டு போன மாணவர்களின் வீடியோவைப் பார்க்காதவர்கள் நம் ஊரில் குறைவு. இதைப் பார்த்தவருக்கு எதிரில் இருப்பவன் பழம் நறுக்கப் போகிறான் என்று எப்படித் தெரியும்? சத்தம் வருவதற்கும் பழம் வெளியே வருவதற்கும் இடையே இருக்கிற இரண்டு மூன்று நொடியில் அவர் என்னவெல்லாம் நினைத்திருப்பார்! அந்த நொடிகளை நான் அவருக்குக் கொடுத்திருக்கக் கூடாது. இன்றைக்கும் நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

சட்டத்தைச் சொல்லி வாதாடலாம். ஆயுத விதிகளில் கூர்மையான ஆயுதங்கள் என்ற வகைக்குள் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுதான். அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஆன கத்திகளுக்கு விலக்கு உண்டு. என் கறுப்புக் கத்தியின் அலகு எட்டரை செ.மீ. அந்த அளவில் பாதிகூட இல்லை. ஆனால் எதிர் இருக்கையில் இருப்பவர் விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டா உட்கார்ந்திருக்கிறார்?

சத்தத்தை அடக்கப் பார்த்தேன். எண்ணெய் விட்டேன். பூட்டுத் தகட்டை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் மெதுவாகத் திறந்து பழகினேன். சத்தம் போய்விட்டது, ஆனால் நிலைமை மோசமாகிவிட்டது. சத்தமே இல்லாமல் ஒருவன் மடியில் கறுப்பு அலகு நீண்டு நிற்பது இன்னும் பயமாக இருக்கும் என்று அப்புறம்தான் புரிந்தது. பாக்கெட் விளிம்பில் தெரியும் கிளிப் வேறு. "தம்பி போலீஸா?" என்று ஒரு டீக்கடைக்காரர் கேட்டதிலிருந்து கிளிப்பைக் கழற்றிவிட்டேன்.

சிவப்புக் கத்தி வந்த பிறகு அதே ரயில், வேறு ஆட்கள், அதே கொய்யா. நகத்தால் நெம்பி, இரண்டு கையாலும் அலகை இழுத்தேன். இழுக்கும்போதே பக்கத்துப் பெண்குழந்தை கிட்டே வந்துவிட்டது. "மாமா, அதுக்குள்ள இன்னும் என்ன இருக்கு?" கத்தரியைக் காட்டினேன். அரத்தைக் காட்டினேன். பல்குத்தியை உருவியதும் அதன் அப்பா கையை நீட்டினார். மேல் பர்த்தில் படுத்திருந்தவர் விலை கேட்டார். ஜன்னலோரம் இருந்த ஆச்சி, ஜாக்கெட் கையில் தொங்கிய நூலைக் கத்தரித்துத் தரச் சொன்னார். கத்தரித்துவிட்டுக் கத்தியை நீட்டினேன், அவரும் பார்க்கட்டும் என்று. "கையில குடுக்காதய்யா, சண்ட வரும், கீழ வய்யி" என்றார். பேப்பர்மேல் வைத்தேன், எடுத்துப் புரட்டிப் பார்த்தார். கொய்யா ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துபோனது. ஒரு சாமான் ஒரு பெட்டியையே பேசவைக்கும் என்று வாங்கும்போது எனக்குத் தெரியாது. ஆறு வருஷமாக இது தவறாமல் நடக்கிறது, ஆறு வருஷமாக எனக்கு அலுக்கவும் இல்லை.

இத்தனைக்கும் ராணுவத்தில் பிறந்தது சிவப்புக் கத்திதான். சுவிட்சர்லாந்தின் ஈபாக்கில் பட்டறை வைத்திருந்த, விக்டோரினாக்ஸைத் தொடங்கிய கார்ல் எல்செனர் 1891இல் சுவிஸ் சிப்பாய்களுக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். டப்பா திறக்கவும் துப்பாக்கியின் திருகைக் கழற்றவும் ஆன கத்தி. 1897இல் அதிகாரிகளுக்கென்று பதிவு செய்ததுதான் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த கத்தியின் மூதாதை. எந்தப் படையிலும் இல்லாத என் கறுப்புக் கத்தியோ படையிலிருந்து வந்ததுபோல வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறது. இதுதான் எனக்கு ஆத்திரம். பழம் வெட்டுகிற சாமானுக்கு அந்தக் கறுப்புப் பூச்சு எதற்கு? யாரைப் பயமுறுத்த?

நம்மிடமும் ஒரு மடக்குக்கத்தி இருந்தது. மடக்கெழுத்தாணி. ஒரு முனையில் ஓலையில் எழுதும் ஊசி, மறு முனையில் ஓலையை வாரும் கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். அதை வைத்திருந்தவரைப் பார்த்தால் எழுதப்படிக்கத் தெரிந்தவர் என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும். பேனாக்கத்தி என்ற பெயரும் இறகுப் பேனாவைச் சீவியதால் வந்ததுதான்.

நண்பரின் மகன் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணம் இல்லாமல் வெளியே வைத்திருக்க ஜெர்மனியில் 2008 ஏப்ரலிலிருந்து தடை. பிரிட்டனில் பூட்டில்லாத, 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக்கத்தியைக் காரணம் கேட்காமல் அனுமதிக்கிறார்கள், பூட்டு இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. எதிர் இருக்கை அம்மாவின் கை ஒரு நொடியில் சொன்னதை இந்த நாடுகள் சட்டமாக எழுதியிருக்கின்றன. 2024 கடைசியில் ஜெர்மனியில் பொதுத் திருவிழாக்களுக்கும் நெடுந்தூர ரயில்களுக்கும் தடையை இன்னும் இறுக்கியிருக்கிறார்கள், சில விலக்குகளோடு. ஆகவே அங்கே சிவப்பும் விடுதி அறையில் இருப்பதே நல்லது. போகும்போது விமானத்தில் கைப்பையில் வைக்கவே கூடாது, பெரிய பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். ஸ்கேனர் இருக்கும் வாசல்களில் சிவப்பு, கறுப்பு வித்தியாசம் எல்லாம் கிடையாது. சாவிக்கொத்தில் இருப்பதை மறந்துபோய் அப்படி ஒரு வாசலில் முதல் சிவப்புக் கத்தியை விட்டுவிட்டு வந்தேன். இப்போது இருப்பது இரண்டாவது.

இவ்வளவும் சொல்லி, சிவப்பையே வாங்குங்கள் என்று போனை வைத்திருக்கலாம். ஆனால் ஜூன் மாதம் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை இல்லை.

மதுரை பைபாஸ் ரோட்டில் எனக்கு முன்னால் போன பைக் சட்டென்று நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் துப்பட்டா சக்கரத்தில் சுற்றிக்கொண்டு கழுத்தை இறுக்கியிருந்தது. ஓட்டியவர் நிறுத்திவிட்டார், ஆனால் துணி சங்கிலிக்குள் முறுக்கிக்கொண்டு விடவில்லை. பெண் பின்பக்கம் வளைந்து கிடக்கிறார், மூச்சு வருகிறது, பேச்சு வரவில்லை. ஓடினேன். கையில் இருந்தது சிவப்பு. அலகு நான்கு செ.மீ. கூட இல்லை, முறுக்கிய துணியில் வழுக்கியது. கழுத்துப் பக்கம் அதை அழுத்த எனக்குத் துணிச்சல் வரவில்லை. கத்தரியை எடுத்தேன். விரல்நகம் அளவுக் கத்தரி. முறுக்கின் ஒவ்வொரு மடிப்பாக வெட்ட வேண்டியிருந்தது. இருபது வெட்டாவது இருக்கும். கூட்டம் சேர்ந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு குரல், "பெருசா கத்தி யார்ட்டயாவது இருக்காய்யா?"

இருந்தது. என் வீட்டு மேசை டிராயரில், கிளிப் கழற்றி, எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி.

துணி அறுந்தது. பெண் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார், கழுத்தில் சிவந்த கோடு தவிர ஒன்றும் இல்லை. வேலையை முடித்தது அந்தக் குட்டிக் கத்தரிதான், அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் அந்த இருபது வெட்டும் எனக்கு இன்னும் கையில் இருக்கிறது.

நண்பருக்கு என் பதில்: மகனுக்குச் சிவப்பு. யோசிக்கவே வேண்டாம். என்னிடம் இருக்கும் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், இன்றைக்கு நான் சிவப்பைக் கொடுத்துவிட்டுக் கறுப்பை வைத்துக்கொள்வேன். அது இப்போது பைக்கின் டூல்ஸ் பெட்டியில், ஸ்பானருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரயிலுக்கு மட்டும் கொண்டுபோவதில்லை.